அலுமினியப் படகின் வடிகால் துளையில் கசிவு: ஒன்ராறியோவில் பழைய படகு வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிம்கோ ஏரியிலோ ரைஸ் ஏரியிலோ மீன்பிடிக்கலாம் என்று பதினான்கு அல்லது பதினாறு அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகொன்றை வாங்குபவர்கள் முதல் பருவத்திலேயே சந்திக்கக்கூடிய சிக்கல், பின்பக்க அடியில் உள்ள வடிகால் துளையின் வழியே உள்ளே வரும் நீராகும். துளையை அடைக்கும் பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். சில படகுகளில் அது உண்மைதான். என் படகில் புதிய பிளக் போட்ட பிறகும் நீர் வந்துகொண்டே இருந்தது, காரணம் பிடிபடுவதற்குள் கோடையின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்கு எவ்வளவு செலவாகும், எங்கே காத்திருந்தே ஆக வேண்டும் என்பவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பழைய அலுமினியப் படகுகளில் மோட்டார் மாட்டப்படும் பின்சுவர், அதாவது டிரான்சம், தனித் தகடு அன்று. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு அல்லது பட்டை, நடுவே ஒட்டுப்பலகை. வடிகால் குழாய் இந்த அடுக்குகளை ஊடுருவிச் செல்லும்படி அமைந்திருந்தால், படகுக்குள் வரும் நீரை விடப் பலகைக்குள் போகும் நீர்தான் பெரிய கேடு. படகுக்குள் வந்த நீரைப் பம்ப் இறைத்துவிடும். பலகைக்குள் போன நீரை எதுவும் இறைக்காது.

1. ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

பழுது பார்ப்பதற்கு ஆவணம் எதற்கு என்று தோன்றலாம். உதிரிப்பாகம் வாங்கும்போதும் உத்தரவாதம் கேட்கும்போதும் முதலில் கேட்கப்படுவது படகின் உடல் அடையாள எண். பன்னிரண்டு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட இந்த எண், டிரான்சத்தின் வலப்பக்க மேல்மூலையில் வெளிப்புறமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படகு எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் கொள்திறன் தகட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் பூட்டிய படகுக்குக் கனடாவில் உல்லாசப் படகு உரிமம் தேவை. பழைய படகை வாங்கியவர் சட்டம் தரும் அவகாசத்துக்குள் அந்த உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை, கையெழுத்தும் தேதியும் இட்ட விற்பனைச் சீட்டைப் படகிலேயே வைத்திருக்க வேண்டும். படகு பழுதில் கிடக்கிறது என்று இந்த அவகாசத்தைத் தவற விட்டுவிடாதீர்கள்.

படகு புதிதாகவோ ஓரிரு ஆண்டுகள் மட்டுமே பழையதாகவோ இருந்தால், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி ஒன்றைக்கூடத் துளையிட்டு எடுப்பதற்கு முன் விற்பனையாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். நீங்கள் கைவைத்த இடத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்று பின்னர் சொல்ல வாய்ப்புண்டு. பல நிறுவனங்களின் உடல் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே உரியது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

2. கசிவு எங்கே என்பதைத் தரையில் வைத்தே கண்டுபிடியுங்கள்

பலர் விட்டுவிடும் படி இதுதான். நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்துவதும் இதுதான். ஏரியில் மிதக்கும் படகில் கசிவைத் தேடுவது வீண், ஏனெனில் நீர் எங்கே நுழைந்தாலும் கடைசியில் பின்பக்கப் பள்ளத்தில்தான் வந்து சேரும். படகு டிரெய்லரில் இருக்கும்போது, உள்ளே நீர் நிரப்பி, வெளியே எங்கே வருகிறது என்று பாருங்கள்.

டிரெய்லரைக் காரோடு இணைத்தே வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். காரிலிருந்து கழற்றிய டிரெய்லரில் நீர் முழுவதும் பின்னால் சேர்ந்தால் பாரம் தாங்காமல் பின்பக்கம் சாய்ந்துவிடும். வடிகால் துளைக்கு மேல் பத்து சென்ரிமீற்றர் நீர் நின்றால் போதுமானது. ஒவ்வொரு லிற்றரும் ஒரு கிலோ எடை என்பதால், படகைத் தொட்டியாக நிரப்புவது டிரெய்லருக்கும் கேடு, படகுக்கும் கேடு. வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, நீரில் உணவு நிறமி சில துளிகள் கலந்து, அரைமணி நேரம் பொறுமையாகப் பாருங்கள்.

இந்தச் சோதனையை இருமுறை செய்ய வேண்டும். முதல் முறை பிளக்கை உள்பக்கத்திலிருந்து மாட்டுங்கள். அப்போது குழாய் வெறுமையாக இருக்கும். குழாயின் நடுவிலிருந்து நீர் சொட்டினால் குற்றம் பிளக்கில், அல்லது பிளக் அமரும் உள்வாயில். குழாயின் உள்ளே உலர்ந்தே இருந்து, வெளி விளிம்பைச் சுற்றி ஈரம் தோன்றினால், உள் விளிம்பின் சீலன்ட், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை, விட்டுப்போய் நீர் பலகைக்குள் இறங்கி வெளியேறுகிறது என்று பொருள். இரண்டாம் முறை பிளக்கை வெளியிலிருந்து மாட்டுங்கள். இப்போது குழாய்க்குள்ளும் நீர் நிற்கும். முதல் முறை இல்லாத ஈரம் இப்போது தோன்றினால், குழாயின் சுவரே அரித்து ஓட்டையாகியிருக்கிறது. இந்தக் குறை கண்ணுக்கு எளிதில் படாது. உள்ளிருந்து பிளக் மாட்டும் பழக்கமுடையவர்களின் படகில், மிதக்கும் நேரம் முழுவதும் ஏரி நீர் குழாய்க்குள் நின்று, அந்த ஊசித்துளைகள் வழியே பலகையை ஊறவைத்துக்கொண்டிருக்கும். படகுக்குள்ளோ அதிக நீர் தெரியாது.

வடிகாலைச் சுற்றியுள்ள ரிவெட் தலைகளையும், அடித்தகடு டிரான்சத்தோடு சேரும் மடிப்பையும், மீன் தேடும் கருவியின் சென்சாருக்காகப் போட்ட திருகாணித் துளைகளையும் இதே நேரத்தில் பாருங்கள். நிறமி கலந்த நீர் ஒரு ரிவெட்டின் கீழே மெல்லிய கோடாக இறங்கியிருந்தால், நீங்கள் தேடி வந்த கசிவு வடிகாலில் இல்லவே இல்லாமலும் போகலாம். கண்ட இடங்களைச் சாதாரணப் பென்சிலால் குறிக்காதீர்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். ஒட்டும் தாள் துண்டுகளை ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பிளக் மட்டுமே குற்றவாளி என்றால்

நீங்கள் நற்பேறு பெற்றவர். நெம்புகோல் வைத்த ரப்பர் பிளக்குகளில் ரப்பர் வெயிலில் இறுகி வெடிப்பு விடும். ஒரே அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததால் ஒரு பக்கம் தட்டையாகியும் இருக்கும். புதியது வாங்கும் முன் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு அங்குலமும் ஒன்றேகால் அங்குலமும் பரவலாகக் கிடைக்கும் அளவுகள். நெம்புகோலை மடக்கும்போது கட்டைவிரலுக்கு நல்ல எதிர்ப்புத் தெரிய வேண்டும். இலகுவாக மடங்கினால், கோலைச் சில சுற்று திருகி ரப்பர் கூடுதலாகப் பிதுங்கும்படி செய்யலாம்.

திருகி மாட்டும் வகை பிளக்காக இருந்தால் நூல்வரிகளைச் சுத்தம் செய்து, குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் நாடாவை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பித்தளைப் பிளக்கை அலுமினிய நூல்வரியில் முழுப் பலத்தோடு முறுக்கினால் அடுத்த ஆண்டு கழற்ற வராது. நூல்வரி இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூசும் பிடிப்புத் தடுப்புப் பசைகளில் செம்பு அல்லது கிராஃபைட் கலந்தவற்றை அலுமினியத்தில் பூசவே கூடாது.

4. குழாயைக் கழற்றுதல்

கசிவு விளிம்பிலோ குழாயிலோ என்று தெரிந்தால், வெளியே சீலன்ட் பூசி மூடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெளியே மட்டும் மூடினால், உள் விளிம்பு வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றிப் பலகையிலேயே தங்கும். கழற்றி, உலர்த்தி, மீண்டும் பொருத்துவது ஒன்றே முறையான வழி.

ரிவெட் தலைகளின் நடுவில் சிறு குழி தட்டி, ரிவெட்டின் தண்டு அளவே உள்ள துளைமுனையால் துளையிடுங்கள். தலை கழன்று வந்தவுடன் நிறுத்துங்கள். மேலும் போனால் தகட்டின் துளை பெரிதாகிவிடும். திருகாணிகள் இறுகிக் கிடந்தால் வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் மிதமாகச் சூடாக்குங்கள், சீலன்டும் இளகும். விளிம்பு மடித்த பித்தளைக் குழாயாக இருந்தால், ஒரு பக்க மடிப்பை அரத்தால் தேய்த்து எடுத்த பின் மறுபக்கமாகத் தள்ளி வெளியே எடுக்கலாம்.

பழைய சீலன்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடித்து அரிப்பைத் தொடங்கிவைக்கும். நைலான் தேய்ப்புப் பட்டையோ துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையோ போதும். முந்தைய உரிமையாளர் குளியலறைச் சிலிக்கானைப் பூசியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத அதன் படலம் முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். அந்தப் படலத்தின் மேல் எந்த சீலன்டும் ஒட்டாது.

5. பலகையைச் சோதியுங்கள்

குழாயை எடுத்த துளைக்குள் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். தேன்நிறத்தில், அடுக்குகள் தெளிவாகத் தெரிய, உலர்ந்திருந்தால் நல்லது. கறுத்து, ஈர மண்வாசனை வீசி, தொட்டால் நாராக உரிந்து வந்தால் அழுகல். கூர்மையான துளையூசியால் சுற்றிலும் குத்துங்கள். நல்ல பலகையில் ஊசி நுனியோடு நின்றுவிடும், அழுகிய பலகையில் வெண்ணெயில் போல இறங்கும்.

அழுகல் துளையைச் சுற்றி மட்டும் இருந்தால் அதைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, கெட்டியாக்கிய எபாக்ஸி என்னும் பிசினால் நிரப்பி, இறுகிய பின் மீண்டும் துளையிடலாம். அழுகல் மேலே மோட்டார் மாட்டும் இடம்வரை போயிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மோட்டாரைச் சற்றுத் தூக்கிய நிலையில் அதன் கீழ்ப்பகுதியைக் கையால் அழுத்தும்போது டிரான்சம் வளைந்து கொடுத்தால், வடிகால் வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு டிரான்சப் பலகை முழுவதையும் மாற்றத் திட்டமிடுங்கள். முழு வேகத்தில் மோட்டாரின் உந்துவிசை முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான். அதை ஒத்திப்போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாற்றும்போது, அழுகாது என்பதற்காகப் பச்சை நிறம் ஏற்றிய பதப்படுத்திய பலகையை வாங்குவது பரவலாக நிகழும் தவறு. அந்தப் பதப்படுத்தலில் செம்புச் சேர்மம் இருக்கிறது. ஈரம் பட்டதும் அது அலுமினியத் தகட்டைத் துளைத்துவிடும். சாதாரண வெளிப்புற ஒட்டுப்பலகையையோ கடல்தர ஒட்டுப்பலகையையோ வாங்கி எல்லாப் பக்கமும், முக்கியமாக விளிம்புகளில், எபாக்ஸி பூசுவதே சரி.

பலகை நன்றாக இருந்தாலும் ஈரமாக இருந்தால் காத்திருக்க வேண்டும். ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை மின்விசிறி வைத்து உலர்த்துங்கள். ஊறிய பலகைக்கு வாரக்கணக்கில் ஆகும். உலர்ந்த பிறகு துளையின் உள்வட்டத்தில் தெரியும் பலகை விளிம்புக்கு எபாக்ஸி இரண்டு பூச்சுக் கொடுங்கள். தொழிற்சாலையில் இதைச் செய்யாமல் விட்ட படகுகளில், சீலன்ட் விட்ட நாளிலிருந்தே பலகை நீர் குடிக்கத் தொடங்கும்.

6. எதை வாங்குவது

குழாய் அலுமினியத்திலோ நல்ல பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். பித்தளைக் குழாய் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும்; ஆனால் பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அரிபடுவது அலுமினியமே. நம் ஏரிகள் நன்னீர்தானே என்று நினைக்கலாம். குளிர்காலச் சாலை உப்பு வசந்தத்தின் தொடக்கத்தில் டிரெய்லரிலும் படகின் பின்பக்கத்திலும் படிவதை மறந்துவிட வேண்டாம்.

ரிவெட் என்றால் நுனி மூடிய வகை, உடலும் தண்டும் அலுமினியத்தில் அமைந்தது. சாதாரணப் பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியே நீர் வரும். அதன் இரும்புத் தண்டும் துருப்பிடிக்கும். பலகையில் இறங்கும் இடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி வேண்டும். அதன் நூல்வரியில் டெஃப்-ஜெல் போன்ற தடுப்புப் பசையைப் பூசினால் இரு உலோகமும் நேரடியாகத் தொடாது.

சீலன்டில் என் தேர்வு த்ரீஎம் 4200 வகையைச் சேர்ந்த பாலியூரிதேன். 5200 இன்னும் வலிமையானது என்று அதைப் பரிந்துரைப்பார்கள். அது நிரந்தர ஒட்டு, அடுத்த முறை குழாயைக் கழற்ற வேண்டி வந்தால் தகடும் சேர்ந்து கிழியும். வினிகர் வாசனை வரும் வீட்டுச் சிலிக்கான் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளியிடும். அலுமினியத்துக்கு அது ஆகாது. பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் பாலிசல்ஃபைடு வகையைத் தவிருங்கள். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைக்கும். திறந்த சீலன்ட் டியூப் ஒரு மாதத்தில் உள்ளேயே இறுகிவிடும் என்பதால் சிறிய அளவையே வாங்குங்கள்.

7. பொருத்துதல்

முதலில் சீலன்ட் இல்லாமல் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். விளிம்பு தகட்டோடு முழுவதும் ஒட்டி உட்கார வேண்டும். துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் நீக்குங்கள். பிறகு அசிற்றோனால் துடையுங்கள். குழாய் பிளாஸ்டிக் என்றால் அதில் அசிற்றோன் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை ஆல்ககோலால் துடைத்துவிட்டு உடனே பாலியூரிதேனைப் பூசாதீர்கள். மிச்சமிருக்கும் ஆல்ககோல் அதை இறுக விடாது.

விளிம்பைச் சுற்றி ஒட்டும் தாள் ஒட்டி, விளிம்பின் பின்புறத்திலும் ஒவ்வொரு திருகாணித் துளையைச் சுற்றியும் இடைவெளியில்லாத வளையமாக சீலன்டை இடுங்கள். குழாயைச் சற்றே திருப்பியபடி உள்ளே தள்ளினால் காற்றுக்குமிழி தங்காது. சுற்றிலும் ஒரே அளவில் மெல்லிய வரம்பாகச் சீலன்ட் பிதுங்கி வரும்வரை திருகாணிகளை மாறி மாறி இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் இடையில் இருக்க வேண்டியதும் பிழிந்து வெளியேறிவிடும். ரிவெட்டுகளையும் சீலன்டில் தோய்த்தே போடுங்கள். உள் விளிம்புக்கும் இதே முறை. முதல் சோதனையில் பலகைக்கு நீர் போனது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் என்பதால் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

8. வெல்டிங் தேவைப்பட்டால்

முழுதும் வெல்டிங் செய்த படகில் குழாயின் அடியில் விரிசல் இருந்தாலோ, துளையைச் சுற்றித் தகடே அரித்துப் போயிருந்தாலோ, அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். டிரான்சப் பலகையும் தளத்துக்கடியில் உள்ள மிதவை நுரையும் எங்கே இருக்கின்றன என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரண்டும் தீப்பற்றும். எரிபொருள் கலனைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். பழுதான இடத்தில் ஏற்கெனவே சீலன்ட் பூசியிருந்தால் வெல்டிங் சரியாகப் பிடிக்காது. ஆகவே வெல்டரிடம் போகும் எண்ணம் இருந்தால், தற்காலிகமாகக்கூட எதையும் பூசாதீர்கள்.

9. செலவும் காலமும்

பிளக் மட்டும் என்றால் பத்து முதல் இருபது டொலருக்குள் முடியும். குழாய், சீலன்ட், ரிவெட், திருகாணி, துடைப்பான் எல்லாம் சேர்த்து நூறு டொலரை ஒட்டி வரும். அதன்மேல் 13 சதவீத விற்பனை வரி. ஈரமானியும் ரிவெட் கருவியும் வாங்குவதை விட நண்பரிடம் இரவல் பெறுவது நல்லது. பட்டறையில் கொடுத்தால் மணிக்கூலி நூறு டொலருக்கு மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், பலகை ஈரமாக இருந்தால் என்ன செய்வார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கால அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கழற்றிச் சுத்தம் செய்யவும் மீண்டும் பொருத்தவும் ஒவ்வொன்றுக்கும் அரைநாள் போதும். இடையில் பலகை உலரும் காலம் உங்கள் கையில் இல்லை. வேகமாக இறுகும் 4200-க்கு ஒரு நாள். சாதாரண 5200-க்கு ஐந்து முதல் ஏழு நாட்கள். பாலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்தே இறுகும் என்பதால், குளிர்ந்து வறண்ட ஏப்ரலில் இந்தக் கணக்கு நீளும். ஐந்து பாகைக்குக் கீழே பூசவே வேண்டாம். ஒன்ராறியோவின் பல மீன்பிடி மண்டலங்களில் வால்ஐ மீன்பிடிப்பு மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை திறப்பதால், அதற்கு முந்தைய வாரங்களில் பட்டறைகளில் இடம் கிடைப்பது அரிது. செப்ரெம்பர்தான் இந்த வேலைக்கு ஏற்ற மாதம்: வெப்பமும் இருக்கும், பட்டறையும் ஓய்ந்திருக்கும், பனிக்காலம் முழுவதும் படகு உலர்ந்தே கிடக்கும்.

10. மீண்டும் நீரில்

சீலன்ட் முழுதும் இறுகிய பின் இரண்டாம் படியில் செய்த இரு சோதனைகளையும் அப்படியே திரும்பச் செய்யுங்கள். அதில் தேறிய பிறகே ஏரிக்குப் போங்கள். முதல் அரைமணி நேரம் கரையோரமாகவே இருந்து, படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் தானியங்கி விசையை நிறுத்திவைத்து, உள்ளே நீர் சேர்கிறதா என்று பாருங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் சிறு கசிவு தெரியாமல் போகும். கையால் இறைக்கும் கலமோ கைப்பம்போ சட்டப்படியும் தேவை: கலமென்றால் குறைந்தது 750 மில்லிலிற்றர் கொள்ளளவும் 65 சதுர சென்ரிமீற்றர் வாயும் இருக்க வேண்டும். மாற்றுப் பிளக் ஒன்றைச் சாவிக்கொத்திலோ எரிபொருள் கலனின் கைப்பிடியிலோ கட்டி வையுங்கள்.

வீடு திரும்பும்போது, டிரெய்லரில் ஏற்றிச் சாலைக்கு வருவதற்கு முன் பிளக்கைக் கழற்றி நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். ஆக்கிரமிப்பு உயிரினங்கள் ஒரு ஏரியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமலிருக்க ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல் இது சட்டம். படகிலும் டிரெய்லரிலும் ஒட்டிய செடிகொடிகளையும் அங்கேயே நீக்க வேண்டும். கழற்றிய பிளக்கை ஓட்டுநர் இருக்கையிலேயே வையுங்கள். அடுத்த முறை இறக்குதளத்தில் அது தானாகக் கண்ணில் படும்.

படகு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து வெளி விளிம்பின் கீழே விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தால், பலகைக்குள் எங்கோ நீர் தங்கி மெல்ல இறங்குகிறது. உள் விளிம்பை மீண்டும் கழற்ற வேண்டியிருக்கும். ஒக்ரோபரில் படகை மூடி வைக்கும் முன் ஒருமுறை இதையே பாருங்கள். பிறகு முன்பக்கத்தை உயர்த்தி, பிளக்கை வெளியே எடுத்து, குழாயின் வாயில் இலைதழை அடைக்காமல் சிறு கம்பி வலை ஒன்றை வைத்துவிட்டால், பனி உருகும் நீர் தங்கி உறைந்து குழாயைப் பிளக்காது.